பத்து சவரன் போனது, ஆயிரத்து ஐந்நூறு டாலர் வந்தது

எங்கள் வீட்டில் திருடன் புகுந்தது 2023 நவம்பர் 8, புதன்கிழமை. வளைகாப்பு முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம் ஒரு அபார்ட்மென்டில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்குச் சிகாகோவில் ப்ராஜெக்ட், திங்கள் விடியற்காலை விமானம் ஏறினால் வியாழன் இரவுதான் வருவார். அம்மாவுக்கு விசா நேர்காணலுக்குத் தேதியே கிடைக்கவில்லை. அதனால் ஏழு மாத வயிற்றோடு அந்த வாரத்தையும் அதற்குப் பிறகான பத்து வாரத்தையும் பெரும்பாலும் நான் தனியாகத்தான் ஓட்டினேன். அப்போது ஒருவராவது என்னிடம் "வீட்டுச் சாமான்களுக்கு எடுத்த இன்சூரன்ஸ் பாலிசியின் உள்ளே இருக்கும் சின்ன எழுத்தைப் படித்தாயா" என்று கேட்டிருக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் வளைகாப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தவறுகள் அங்கேயே ஆரம்பித்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை, நாற்பது பேர் வந்தார்கள். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு நாற்பது பேர் என்றால் வாசலில் செருப்பு மலைபோல் கிடக்கும். கதவில் மாவிலைத் தோரணம், வாசலில் கோலம், பால்கனியில் பலூன். இந்த வீட்டில் ஒரு விசேஷம், இவர்கள் இந்தியர்கள் என்று பார்க்கிங்கில் நிற்பவருக்குக்கூடத் தெரிந்திருக்கும். அம்மா தன்னால் வர முடியாத ஏக்கத்தையெல்லாம் தங்கமாக்கி அனுப்பியிருந்தாள். சித்தி அதைக் கைப்பையில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தாள். நாலு வளையல் ஆறு சவரன், ஒரு செயின் மூன்று சவரன், ஜிமிக்கி ஒரு சவரன். மாமியார் வீட்டிலிருந்து அரை சவரன் காசு இரண்டு. வெள்ளியில் கிண்ணம், பாலாடை, குங்குமச் சிமிழ். நண்பர்கள் கொடுத்த கவர்களில் பணமும் கிஃப்ட் கார்டும். எல்லோரும் போன பிறகு அத்தனையையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, படுக்கையறை அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்தேன். பெட்டி, உறை, நகைக்கடையின் சிவப்பு டப்பா எல்லாவற்றையும் பொதுக் குப்பைத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டோம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கைநிறைய வளையலோடு படம் போட்டேன். மறுநாள், "அவர் சிகாகோ போயாச்சு, வீடு வெறிச்சுனு இருக்கு" என்று இன்னொரு ஸ்டேட்டஸ். இதில் எது திருடனுக்கு உதவியது என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் உதவாமலும் இருக்கலாம். ஆனால் இரவில் தூக்கம் வராதபோது எண்ணிப் பார்க்க இத்தனை இருந்தன.

புதன்கிழமை மதியம் டாக்டரிடம் செக்கப். அந்த ஞாயிறுதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்திருந்தார்கள், ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. ஐந்தரைக்கு வந்து கதவைத் திறந்தால் உள்ளே ஜில்லென்று காற்று. பின்பக்கத்து சறுக்குக் கதவை நெம்பி, தண்டவாளத்திலிருந்து தூக்கி நகர்த்தியிருந்தார்கள். படுக்கையறையில் புடவைகள் தரையில். காஞ்சிபுரம் பட்டு ஒன்றைக்கூட எடுக்கவில்லை, மிதித்துவிட்டுப் போயிருந்தார்கள். தலையணை உறை ஒன்றைக் காணோம், அதில்தான் டப்பாவைப் போட்டு எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று பிறகு வந்த போலீஸ்காரர் சொன்னார். மேசைமேல் இருந்த லேப்டாப்பும் போயிருந்தது. தாலிக்கொடி கழுத்தில் இருந்ததால் தப்பித்தது. நான் உள்ளே போனதே தப்பு. கதவு உடைந்திருந்தால் வெளியிலேயே நின்று 911-க்குக் கூப்பிட வேண்டும். எனக்கு அப்போது டப்பா இருக்கிறதா என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

இந்தியக் குடும்பங்களின் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது இங்கே திருடர்களுக்கு நன்றாகத் தெரியும். 2011 முதல் 2014 வரை ஜார்ஜியா, நியூயார்க், ஒஹாயோ, மிச்சிகன், டெக்சாஸ் என்று பல மாநிலங்களில் இந்திய, ஆசியக் குடும்பங்களாகப் பார்த்து வீடு புகுந்து கொள்ளையடித்த ஒரு கும்பல் பிடிபட்டு, அதன் தலைவிக்கு நீண்ட சிறைத்தண்டனை ஆனது. இதெல்லாம் செய்தியில் படித்ததுதான். நமக்கு நடக்கும்வரை செய்தி செய்திதான்.

அன்று இரவு போனில் கணவர், "நீ பத்திரமா இருக்கியா, அது போதும்மா. இன்சூரன்ஸ் இருக்கு இல்ல, பார்த்துக்கலாம்" என்றார். எனக்கும் அதுதான் ஆறுதல். மாதம் 14 டாலர் கட்டிக்கொண்டிருந்தோம். வீட்டுச் சாமான்களுக்கு 25,000 டாலர் வரை என்று முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டிருந்தது. போனது அதில் பாதிகூட இல்லை, முழுதாக வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு தூங்கினேன். அதாவது, தூங்க முயன்றேன்.

இங்கே ஒரு விஷயம். வீட்டு உரிமையாளரின் இன்சூரன்ஸ் அவருடைய கட்டடத்துக்குத்தான், குடியிருப்பவரின் சாமானுக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது. அபார்ட்மென்ட் அலுவலகம் "ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் (வாடகைக்கு இருப்பவர் எடுக்கும் காப்பீடு) கட்டாயம்" என்று சொல்வது பெரும்பாலும் அவர்கள் கட்டடத்துக்கு நம்மால் சேதம் வந்தால் என்ன செய்வது என்ற கவலையில்தான். என் தோழி ஒருத்திக்கு வாடகையோடு சேர்த்து மாதம் 12 டாலர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் தனக்கு இன்சூரன்ஸ் இருப்பதாகவே நினைத்திருந்தாள். என் கதையைக் கேட்டுவிட்டுக் காகிதத்தை எடுத்துப் பார்த்தால் அது வெறும் லயபிலிட்டி, அதாவது நம்மால் மற்றவர்களுக்கு வரும் சேதத்துக்கான காப்பீடு, அவளுடைய சாமான் எதற்கும் அதில் இடமே இல்லை. உங்களுடையது எந்த வகை என்று முதலில் பாருங்கள். இன்னொன்று, என் பாலிசி கணவர் பெயரில் இருந்தது. ஒரே வீட்டில் வசிக்கும் மனைவி அதில் தானாக அடக்கம், அது பிரச்சினையாகவில்லை. ஆனால் கல்யாணம் ஆகாமல் சேர்ந்து இருப்பவர்களும் ரூம்மேட்டுகளும் பெரும்பாலும் அப்படி அடங்க மாட்டார்கள். பெயரைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

மறுநாள் கிளெய்ம் போட்டேன். அட்ஜஸ்டர், அதாவது இழப்பை விசாரித்து மதிப்பிடும் இன்சூரன்ஸ்காரர், ஒருவர் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபமில்லை. உரையாடலைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டார். பிறகு ஒவ்வொரு பொருளும் என்ன, யார் கொடுத்தது, எப்போது, என்ன விலை, கடைசியாக எப்போது கண்ணால் பார்த்தீர்கள் என்று ஒரு மணி நேரம். இந்தப் பேச்சுக்கு முன்னால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் அழுதுகொண்டே, தோன்றியதைச் சொன்னேன். பிறகு இரண்டு இடத்தில் திருத்தம் கேட்டு மெயில் எழுத வேண்டியதாயிற்று.

ஒரு சின்ன மோதிரம், இரண்டு கிராம் இருக்கும். வளைகாப்பு அன்று கைக்குச் சந்தனம் பூசும்போது கழற்றினேன். அதற்குப் பிறகு பார்த்த நினைவில்லை. திருடு போனதா, விசேஷக் களேபரத்தில் தொலைந்ததா, குப்பையோடு போனதா, தெரியாது. "அதையும் லிஸ்ட்ல சேர்த்துடு, யாருக்குத் தெரியப் போகுது" என்று ஒரு தோழி நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். நான் சேர்க்கவில்லை. யோக்கியத்தனம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். வேண்டுமென்றே ஒரு பொய் சொன்னது தெரிந்தால் மொத்த கிளெய்மையும் மறுக்க வழி வைக்கும் பிரிவு அந்தப் பாலிசியிலேயே இருக்கிறது. சாதாரண ரென்டர்ஸ் பாலிசி திருட்டுக்குக் கொடுக்கும், தீக்குக் கொடுக்கும், இப்படிப் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட ஆபத்துகளுக்கு மட்டும்தான் கொடுக்கும். "எப்படியோ காணாமல் போச்சு" என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது ஆதாரம் தேடும் படலம். ஒவ்வொரு நகைக்கும் அது என்னுடையதுதான், இன்ன எடை, இன்ன விலை என்று காட்ட வேண்டும். செயினும் ஜிமிக்கியும் அம்மா நகைச் சீட்டுக் கட்டி தி.நகரில் வாங்கியவை, பில் அம்மா பெயரில் இருந்தது. அது பரவாயில்லை, அம்மாவிடமிருந்து அன்பளிப்பாக வந்ததற்கு ஒரு கடிதம் எழுதி வாங்கினால் போதும் என்றார்கள். சிக்கல் வளையலில்தான். பாட்டியின் பழைய காசுமாலையையும் கெட்டி வளையல் இரண்டையும் கொடுத்து மாற்றி வாங்கியது அது. பில்லின் அடியில் "செலுத்த வேண்டிய தொகை" என்று 41,000 ரூபாய்தான் இருக்கும், கூலி, சேதாரம், வரி, கொஞ்சம் எடை வித்தியாசம். அதைப் பார்த்த அட்ஜஸ்டர், "நாலு வளையலின் விலை சுமார் 500 டாலர், சரிதானே?" என்றார். அப்போது சென்னையில் ஒரு சவரனே 45,000 ரூபாயை ஒட்டி இருந்தது. பழைய தங்கத்தைக் கொடுத்தால் அதன் மதிப்பைக் கழித்துக்கொள்வார்கள், மேலே ஒரு வரியில் பொடி எழுத்தில் இருக்கிறதே அதுதான் கழித்த தொகை என்று விளக்கினேன். சவரன் என்றால் எட்டு கிராம் என்று விளக்கினேன். சேதாரம் என்றால் என்ன என்று அவர் கேட்டபோது, நகை செய்யும்போது வீணாகும் தங்கத்துக்கு நாம் கொடுக்கும் காசு என்றேன். "வீணாவதற்கு நீங்கள் ஏன் கொடுக்கிறீர்கள்?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் மட்டுமில்லை, நம் ஊரில் யாரிடமும் நல்ல பதில் கிடையாது.

ஆகவே, ஊரிலிருந்து நகை வருகிறதென்றால் பில்லின் முழுப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மொத்த எடை, கல் எடை, 916 முத்திரை, அந்த நகைக்குரிய ஆறு எழுத்து-எண் ஹால்மார்க் அடையாளம் எல்லாம் அதில் தெரிய வேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து கடைகள் விற்கும் ஹால்மார்க் நகையில் அந்த அடையாள எண் இருந்தாக வேண்டும். பழைய நகை மாற்று என்றால் கழித்த தொகை தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடையிலேயே மொத்த மதிப்பை எழுதி முத்திரை போட்டுக் கொடுக்கச் சொல்லலாம். அம்மா அந்த முத்திரைக்காக முழங்கால் வலியோடு மூன்று முறை அந்தக் கடைக்கு நடந்தாள்.

போட்டோவும் உதவியது. வளைகாப்புப் படங்களில் என் கையில் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. நடுவில் எங்கோ தங்கம். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து, இடது கையில் இரண்டு, வலது கையில் இரண்டு என்று நாலு வளையலும் ஒரே படத்தில் தெரியும் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அத்தை ஒருத்தர் என் கன்னத்தில் சந்தனம் தடவும் படம் அது. நான் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அதில் வளையலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு ஆதாரம் எண் 7 என்று பெயர் வைத்து அனுப்பினேன். இன்றுவரை அந்தப் படத்தை ஆல்பத்தில் சேர்க்க மனம் வரவில்லை.

திருட்டுக்கு அடுத்து வந்த ஞாயிறு தீபாவளி. வாசலில் விளக்கு வைக்கப் பயமாக இருந்தது. இருட்டிலேயே உட்கார்ந்து ஒரு துண்டு மைசூர்பாகு சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டோம்.

டிசம்பர் முதல் வாரத்தில் கடிதம் வந்தது. மூன்று வாரம் நான் சேர்த்த பில், படம், கடிதம், போலீஸ் அறிக்கை எல்லாம் ஏற்கப்பட்டிருந்தன. நகையின் மதிப்பு கூலியெல்லாம் சேர்த்து 6,000 டாலர் என்பதை ஒத்துக்கொண்டார்கள். அடுத்த வரியில், நகை திருட்டுக்கு இந்தப் பாலிசியின் உச்சவரம்பு மொத்தமாக 1,500 டாலர் என்று இருந்தது. ஒரு நகைக்கு இல்லை, எல்லா நகைக்கும் சேர்த்து. அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல முடியாது. பாலிசியை எடுத்தேன். பதினோராம் பக்கத்தில் "சிறப்பு வரம்புகள்" என்ற தலைப்பில் இத்தனை நாளும் அங்கேயே இருந்திருக்கிறது. அமெரிக்காவில் ரென்டர்ஸ் பாலிசிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை, எச்ஓ-4 என்று சொல்வார்கள். அந்த அச்சின் வழக்கமான எண்ணே இதுதான். நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் கூடலாம், குறையலாம். முதல் நாளே இதைப் பார்த்திருந்தால் அம்மாவை மூன்று முறை தி.நகருக்கு அலைய விட்டிருக்க மாட்டேன். ஒரு செயின் பில் மட்டும் போதும், 1,500 நிறைந்துவிடும்.

அதைவிட வயிற்றெரிச்சல் காசு விஷயத்தில். தங்கக் காசு நமக்கு நகை மாதிரிதான், நகைக்கடையில்தானே வாங்குகிறோம். பாலிசிக்கு அது நகை இல்லை, பணம். ரொக்கம், நாணயம், கட்டித் தங்கம், கிஃப்ட் கார்டு எல்லாமே ஒரே கூடை, அந்தக் கூடைக்கு மொத்தம் 200 டாலர்தான். மாமியார் கொடுத்த காசு இரண்டும் 540 டாலர், கவரில் வந்த ரொக்கம் 300, கிஃப்ட் கார்டு 550. ஆக 1,390 டாலர் போன இடத்தில் 200. வெள்ளிப் பாத்திரத்துக்குத் தனியாக 2,500 வரை வரம்பு இருந்ததால் என் 400 டாலர் வெள்ளி மட்டும் தப்பித்தது. பாலாடைக்கு முழு விலை வந்தது என்பதில் அம்மாவுக்கு ஒரு விசித்திரமான திருப்தி.

லேப்டாப்புக்குப் புது விலை 900 என்றாலும் முதலில் தேய்மானம் கழித்து 420 கணக்கிட்டார்கள். எங்களுடையது மாற்று விலை தரும் பாலிசி, அதனால் புதிதாக வாங்கி ரசீது அனுப்பிய பிறகு மீதி 480 வந்தது. தேய்மானம் கழித்த விலை மட்டும் தரும் பாலிசியும் உண்டு. மாதத்துக்கு ஒன்றிரண்டு டாலர்தான் குறைவாக இருக்கும், அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ரசீதை அனுப்பக் கெடு உண்டு, அதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி 500 டாலர் டிடக்டிபிள், அதாவது நாமே ஏற்க வேண்டிய முதல் தொகையை, கழித்தார்கள். 8,690 டாலர் போனதற்குக் கையில் வந்தது 2,500. கிஃப்ட் கார்டு கொடுத்தவர்களில் இரண்டு பேர் ரசீது வைத்திருந்ததால் கடைக்குப் போன் செய்து 200 டாலரைத் திரும்பப் பெற்றுத் தந்தார்கள். அவர்களிடம் "நீங்கள் கொடுத்ததன் ரசீது இருக்கிறதா" என்று கேட்ட கூச்சம் இருக்கிறதே, அதற்கு எந்தப் பாலிசியும் கிடையாது. மொத்த நஷ்டம் ஆறாயிரம் டாலருக்குப் பத்து டாலர் குறைவு. வருமான வரியில் கழிக்கலாமா என்று பார்த்தேன். 2018 முதல் இப்படிப்பட்ட சொந்தத் திருட்டு நஷ்டத்தைக் கழிக்க முடியாது, அரசு அறிவித்த பேரிடரோடு சம்பந்தப்பட்டிருந்தால்தான் உண்டு. மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் புகார் செய் என்றும் சிலர் சொன்னார்கள். என்னவென்று செய்வது? அவர்கள் ஏமாற்றவில்லை. எழுதியிருந்ததைத்தான் கொடுத்தார்கள்.

ஒரு வேடிக்கை, அந்த 1,500 வரம்பு என் பாலிசியில் திருட்டுக்கு மட்டும்தான். வளைகாப்பு அன்று குத்துவிளக்கு சாய்ந்து வீடே பற்றி எரிந்து அதே நகை போயிருந்தால் 25,000 வரைக்கும் உள்ள பொதுக் கணக்கில் வந்திருக்கும். இதை கணவரிடம் சொன்னபோது, "அடுத்த தடவை பெரிய விளக்கா வைப்போம்" என்றார். ஒரு மாதத்தில் நான் முதலில் சிரித்தது அப்போதுதான்.

அந்தப் பாலிசியைத் திட்டிக்கொண்டே இருந்தால் நியாயமாகாது. வளைகாப்பு அன்று பன்னீர் தெளித்த தரையில் தோழியின் மாமியார் வழுக்கி விழுந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊரிலிருந்து வந்தவர், பயணிகளுக்கான மருத்துவக் காப்பீடு ஏதோ இருந்தது, அதிலும் முதல் 250 டாலர் அவர்கள் கையிலிருந்து போக வேண்டும். எலும்பு முறியவில்லை. எக்ஸ்ரே, கட்டு எல்லாம் சேர்த்து பில் 640 டாலர். தோழி ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் எனக்கு உள்ளுக்குள் உறுத்தல். திருட்டுக்காகப் பாலிசியைப் புரட்டியபோதுதான் "மற்றவர்களுக்கான மருத்துவச் செலவு, ஒருவருக்கு 1,000 டாலர்" என்ற வரியைப் பார்த்தேன். நம் வீட்டுக்கு அழைத்து வந்தவர் நம் வீட்டில் அடிபட்டால், யார் தப்பு என்று பார்க்காமல் கொடுப்பது அது. டிடக்டிபிளும் இல்லை. வீட்டில் குடியிருப்பவருக்குக் கிடையாது, விருந்தாளிக்குத்தான். பில்லை அனுப்பினேன், மூன்று வாரத்தில் முழுதாகக் கொடுத்துவிட்டார்கள். பெரிதாக அடிபட்டு வழக்கு வரை போனால் அதற்கு லயபிலிட்டி தனியாக 100,000 டாலர் இருந்தது. வீட்டில் விசேஷம் வைப்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் செலவு வரம்பை 5,000 ஆக்க எங்களுக்கு ஆண்டுக்கு 9 டாலர்தான் கூடியது.

ஜனவரி கடைசியில் மகள் பிறந்தாள். பிறந்த குழந்தைக்கு மறுபடியும் தங்கம் வரத் தொடங்கியது, நம் ஆட்கள் நிறுத்துவார்களா? இந்த முறை பிப்ரவரியிலேயே நகைக்குத் தனியாக ரைடர் எடுத்தேன். ஒவ்வொரு நகையையும் விவரமும் மதிப்பும் போட்டுப் பட்டியலில் சேர்ப்பது அது. எங்கள் பக்கத்து ஓக் ட்ரீ சாலையில் நகைக்கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஆனால் விற்பவரிடமே மதிப்பீடு வாங்குவதைவிட, பயிற்சி பெற்ற தனி மதிப்பீட்டாளரிடம் போவது நல்லது என்று இன்சூரன்ஸ்காரரே சொன்னார். மதிப்பில் இத்தனை சதவீதம் கட்டணம் என்று கேட்பவரைத் தவிருங்கள், நகைக்கு இவ்வளவு என்று வாங்குபவரிடம் போங்கள். தாலிக்கொடி, கல்யாண நெக்லஸ், மிச்சமிருந்த வளையல், எல்லாம் சேர்த்து 7,500 டாலருக்கு ஆண்டுக்கு 110 டாலர் ஆகிறது. டிடக்டிபிள் இல்லை. எப்படியென்று தெரியாமல் தொலைந்தாலும் கிடைக்கும், ஊருக்குப் போட்டுக்கொண்டு போனாலும் செல்லும். பட்டியலில் ஏற்கெனவே நகை இருப்பதால், புதிதாக வரும் நகைக்கு முதல் 30 நாள் ஓரளவு தொகைக்குத் தானாகவே பாதுகாப்பு உண்டு, அதற்குள் சொல்லிச் சேர்த்துவிட வேண்டும். அம்மா அலைந்து வாங்கிய முத்திரைப் பில்களைப் பார்த்துப் பார்த்தே எந்த நகைக்கு என்ன காகிதம் வேண்டும் என்று கற்றுக்கொண்டேன், ஆகவே அந்த நடை முழுக்க வீணாகவில்லை. ஆனால் ஒன்று, தங்கம் விலை போகிற போக்கில் சில வருடத்துக்கு முன் போட்ட மதிப்பீடு இன்றைய விலைக்குப் போதாது. நான் போன மாதம்தான் புதுப்பித்தேன்.

வங்கி லாக்கரும் எடுத்திருக்கிறேன். அதை வைத்தே போதும் என்று இருந்துவிடாதீர்கள், வங்கிக் கணக்கில் உள்ள பணத்துக்கு இருக்கும் அரசு உத்தரவாதம் லாக்கருக்குள் இருப்பதற்குக் கிடையாது. சறுக்குக் கதவின் தண்டவாளத்தில் ஒரு மரக்கட்டை வைத்திருக்கிறேன், 6 டாலர். கிஃப்ட் கார்டு வந்தால் அன்று இரவே எண்ணைப் படம் எடுத்து, முடிந்தால் கணக்கில் ஏற்றிவிடுவேன். ரொக்கம் மறுநாள் வங்கிக்குப் போகும். டப்பாவெல்லாம் கிழித்து, கடைப் பெயர் தெரியாமல்தான் குப்பைக்குப் போகும். படங்களை வாரம் கழித்துத்தான் போடுவேன்.

மகளின் முதல் பிறந்தநாளுக்குச் சித்தி மறுபடி வந்திருந்தாள். எல்லோரும் கேக்கைச் சுற்றி நின்றுகொண்டிருந்தபோது என்னைச் சமையலறைக்குள் இழுத்து, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். பிரித்தால் ஒரு சவரன் காசு. "இரு சித்தி" என்று அவள் கையோடு சேர்த்தே ஒரு படம் எடுத்தேன், பிறகு பில்லைக் கேட்டேன். "என்னடி, வட்டிக்கடைக்காரன் மாதிரி" என்றாள். காசு வேண்டாம் சித்தி, அடுத்த தடவை கம்மலா வாங்கிட்டு வா, காசுக்கு இருநூறு டாலருக்கு மேல தர மாட்டாங்க என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மெழுகுவத்தியை ஊதக் கூப்பிட்டார்கள், போய்விட்டோம்.